ராமநாதபுரம் கடற்கரையில் மாரத்தான்: புழுக்கத்தில் 42 கிலோமீட்டர் ஓடி முடிக்க முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம் என்று எந்த ஊரில் ஓடினாலும் நம் பக்கத்து ஓட்டக்காரர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும்." அது பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. இந்தக் கரையில் வெயில் இல்லாத நேரத்திலும் உடம்பு கொதிக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அரை மணி நேரம் ஓடினால் சட்டையைப் பிழியலாம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல் இருக்க, காற்றில் ஈரம் குறையவே குறையாது. இதைக் கணக்கில் எடுத்துப் பயிற்சி செய்தால் இங்கேயே 42.195 கிலோமீட்டரையும் நல்லபடியாக ஓடி முடிக்கலாம். குளிர்ந்த ஊர்க்காரர்களின் அட்டவணையை அப்படியே எடுத்து ஓடினால், 30ஆவது கிலோமீட்டரில் உட்கார வேண்டி வரும். அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

காற்று வியர்வையை வாங்காதபோது

60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 600 கிலோ கலோரி செலவாகும். அதில் கால்வாசிதான் ஓட்டத்துக்குப் போகிறது. மீதி 450 கிலோ கலோரியும் சூடாக உடம்புக்குள்ளேயே பிறக்கிறது. அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பின் வெப்பம் ஏறும். வெளியேற்றும் வேலையை வியர்வை செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். தோலில் வழிந்து தரையில் சொட்டிய வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

அதனால் வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். ஈரப்பத சதவீதமும் ஏமாற்றும். அதிகாலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம் என்று காட்டும். மதியம் 33 டிகிரி, 60 சதவீதம் என்று காட்டும். மதியத்தில் காற்று உலர்ந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டு நேரத்திலும் டியூ பாயிண்ட் எனப்படும் பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரியில்தான் நிற்கும். அதாவது காற்றில் இருக்கும் நீரின் அளவு அப்படியேதான் இருக்கிறது. அதிகாலையில் நமக்குக் கிடைக்கும் லாபம் வெயில் இல்லாததும் ஐந்தாறு டிகிரி சூடு குறைவதும்தான். பனிநிலை 20க்குக் கீழே இருந்தால் நம் பக்கத்தில் அது நல்ல நாள். 24க்கு மேல் என்றால் அன்றைக்கு வேகக் கணக்கையே மறந்துவிடுங்கள்.

இரவில் ஓடினால் தப்பித்துவிடலாம் என்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2019 உலகத் தடகள சாம்பியன்ஷிப் கத்தார் நாட்டின் தோகாவில் நடந்தபோது, பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவுக்குத் தள்ளி வைத்தார்கள். சூரியன் இல்லை. ஆனால் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். வென்ற கென்யாவின் ரூத் செப்ங்கெடிச்சே 2 மணி 32 நிமிடம் 43 விநாடி எடுத்துக்கொண்டார். அவர்கள் எல்லாரும் உலகின் தேர்ந்த ஓட்டக்காரர்கள். அவர்களையே அந்தக் காற்று பாதி வழியில் நிறுத்தியது.

முதல் படி: ஓடலாமா என்று தெரிந்துகொள்ளுங்கள்

40 வயதைத் தாண்டியவர்கள், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில அலர்ஜி மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். முன்பு வெப்பத்தாக்குதலில் விழுந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்கள், 21 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓடத் தெரிந்தபிறகு மாரத்தானை யோசியுங்கள்.

இரண்டாம் படி: மாதமும் பாதையும்

நம் கரைக்கு ஏற்ற காலம் ஜனவரியும் பிப்ரவரியின் முன்பாதியும். அப்போதும் குளிர் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பாம்பனில் தை மாதத்து இரவில்கூட வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஆனால் வாடைக்காற்று அடிக்கும், அதுதான் நமக்கு வரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், பயிற்சிக்குப் பரவாயில்லை. மார்ச் பாதியிலிருந்து காற்று செத்துவிடும். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் முழு மாரத்தானை நினைக்கவே வேண்டாம்.

காற்றைப் பற்றிச் செயலியைவிடக் கரையில் வலை பிரிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். "அண்ணே, இன்னிக்குக் காத்து எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "வாடைதான் தம்பி, எட்டு மணி வரைக்கும் நிக்கும்" என்றோ, "கச்சான் எடுத்திருச்சு, மணல வாரி அடிக்கும்" என்றோ ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுத் திசையை முடிவு செய்யுங்கள். முதுகில் காற்று அடித்தால் ஓட்டம் சுலபமாகத் தெரியும். ஆனால் உங்கள் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால் தோலின்மேல் காற்றே படாது, வியர்வை அப்படியே நிற்கும். ஆகவே இருட்டில் உடம்பு புதிதாக இருக்கும்போது காற்றோடு போங்கள், வெயில் வந்தபின் காற்றை எதிர்த்துத் திரும்புங்கள். எதிர்காற்று வேகத்தைக் கொஞ்சம் தின்னும். அந்த நேரத்தில் வேகத்தைவிடக் குளிர்ச்சிதான் பெரிது.

பாதை என்றால் எல்லாருக்கும் தனுஷ்கோடி சாலைமீதுதான் கண். மண்டபத்தில் தொடங்கி, பாம்பன் பாலம் ஏறி, தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தாண்டி, 1964 டிசம்பர் புயலில் அழிந்த பழைய ஊர் வழியாக அரிச்சல்முனை வரை போனால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரும். அழகான வழி, மறுக்கவில்லை. ஆனால் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நிழல் கிடையாது, குடிநீர் கிடையாது, விழுந்தால் தூக்க ஆள் கிடையாது. மிகவும் களைத்திருக்கும் கடைசி 10 கிலோமீட்டர் அங்கேதான் வரும். இரண்டு பக்கக் கடலும் மணலும் வெளிச்சத்தை முகத்தில் அடிக்கும். துணை வண்டி இல்லாமல் அங்கே நீண்ட ஓட்டம் வேண்டாம். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்திலும் கவனம் தேவை. பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அப்படி அடிக்கும் காற்று மனிதரையும் தள்ளும்.

என் தேர்வு ஏழு கிலோமீட்டர் வட்டப்பாதை, ஆறு சுற்று. உச்சிப்புளி, அரியமான் பக்கமோ, ஏர்வாடி, கீழக்கரை பக்கமோ, உங்கள் ஊரிலேயோ ஒரு வட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேசையும் ஐஸ் பெட்டியும் ஒரே இடத்தில் இருக்கும், ஏழு கிலோமீட்டருக்கு ஒருமுறை உங்கள் முகத்தை ஒருவர் பார்ப்பார். புழுக்கத்தில் ஓடுகிறவருக்குத் தன் நிலை தனக்கே தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. வட்டப்பாதையில் அதை இன்னொருவர் கண்டுபிடித்துவிடுவார்.

கடற்கரை மணலில் ஓடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாரத்தில் ஒருநாள், அலை நனைத்த கெட்டி மணலில், அரை மணி நேரம் போதும். கால் புதையும் மணலில் அதே வேகத்துக்கு உழைப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடும், சூடும் அதற்கேற்ப ஏறும்.

அமாவாசையன்று ராமேஸ்வரம் சாலையில் நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் நள்ளிரவிலிருந்தே வேன்கள் வரிசை கட்டும், ஓட்டுநர்கள் இரவு முழுக்க விழித்திருப்பார்கள். மற்ற நாளிலும் மீன் வண்டிகள் விரைந்து வரும். வண்டி எதிரே வரும்படி சாலையின் வலப்புறம் ஓடுங்கள். ஒளிரும் பட்டை போட்ட மேல்சட்டையும் தலைவிளக்கும் இல்லாமல் இருட்டில் இறங்கவே கூடாது.

மூன்றாம் படி: உடம்பைப் புழுக்கத்துக்குப் பழக்குதல்

"நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான், எனக்கு என்ன பழக்கம் வேண்டும்?" என்று கேட்கலாம். பகலெல்லாம் ஏசி அறையில் வேலை, இரவும் ஏசியில் தூக்கம் என்றால், உங்கள் உடம்பு இந்த ஊரில் பாதி நேரம்தான் வாழ்கிறது. வெறுமனே புழுக்கத்தில் இருப்பதும், புழுக்கத்தில் ஓடிப் பழகுவதும் வேறு வேறு.

பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நாலைந்து நாளிலேயே ரத்தத்தில் நீரின் அளவு கூடும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறையும். அடுத்த வாரத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும், ஆனால் அதில் உப்பு குறைந்திருக்கும். ஓட்ட நாளுக்கு மூன்று வாரம் முன்பு இதைத் தொடங்குங்கள். முதல் நான்கு நாள் காலை ஏழு மணிக்கு மேல் 30, 40 நிமிடம் மெதுவான ஓட்டம், பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு. பிறகு ஒரு மணி நேரம். இரண்டாம் வார முடிவில் 75 முதல் 90 நிமிடம். வேகப் பயிற்சியை மட்டும் இந்த நேரத்தில் செய்யாதீர்கள், அது நாலரை மணிக்கே நடக்கட்டும். இடையில் ஒருநாள் ஓய்வு எடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு வாரம் மலையூர் பக்கம் போய்வந்தால் கொஞ்சம் இறங்கும், மூன்று நான்கு வாரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும், மறுபடி தொடங்க வேண்டும்.

மற்றபடி 16 வாரப் பயிற்சி எல்லா ஊரையும் போலத்தான். ஜனவரி ஓட்டத்துக்குச் செப்டம்பரில் தொடங்குங்கள். வாரம் நான்கு ஓட்டம், அதில் ஒன்று நீண்டது. 16 கிலோமீட்டரில் ஆரம்பித்து 30, 32 வரை ஏற்றி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். நம் காற்றில் எந்தப் பயிற்சி ஓட்டமும் மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். 32 கிலோமீட்டர் முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: உங்கள் வியர்வையை அளந்து பாருங்கள்

இந்த ஒன்றைச் செய்யாமல் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேவையானது எடை பார்க்கும் மெஷினும் ஒரு அளவு பாட்டிலும்தான். கழிவறை போய்விட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். 62.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாரத்தான் வேகத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். இடையில் 300 மில்லி குடித்தீர்கள். திரும்பி வந்து வியர்வையை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை பார்த்தால் 61.3. குறைந்தது 1.1 கிலோ, அதோடு குடித்த 0.3 லிட்டரைச் சேர்த்தால் 1.4. மணிக்கு 1.4 லிட்டர் வியர்க்கிறீர்கள். வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று முறை அளந்து, அன்றைய பனிநிலையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐந்து மணி நேர ஓட்டத்தில் 7 லிட்டர் போகும். ஓடும்போது வயிறு மணிக்கு 800 மில்லி, மிஞ்சினால் ஒரு லிட்டர்தான் தாங்கும். 4 லிட்டர் குடித்தாலும் 3 கிலோ பள்ளம் விழும், உங்கள் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். இரண்டு, இரண்டரை சதவீதம் குறைந்தால் பயமில்லை. ஐந்து சதவீதம் ஆபத்து. இந்தப் பள்ளத்தைத் தண்ணீரால் நிரப்ப முடியாது, வேகத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு 40 விநாடி மெதுவாக ஓடினால் சூடு குறைவாகப் பிறக்கும், வியர்வையும் மணிக்கு 1.1 லிட்டர் பக்கம் இறங்கக்கூடும். அப்போது அதே 800 மில்லியில் உடம்பு தாக்குப்பிடிக்கும். மெதுவாக ஓடச் சொல்வது பயத்தால் சொல்லும் அறிவுரை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் எடைக்குப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர், உப்பு, சாப்பாடு

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்கு சோடியம் போகும், அதாவது இரண்டரை கிராம் உப்பு. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். ஓடி முடித்தபின் கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால், நெற்றியில் உப்பு கரகரத்தால், உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் போகிறது.

மலிவானதும் நம்பகமானதும் மருந்துக்கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவன அளவு ஓஆர்எஸ் பொடி. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும், மொத்த சோடியம் ஏறத்தாழ 1.7 கிராம். ஓடும்போது அது கொஞ்சம் உப்பு அதிகம். ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கரைத்து, மணிக்கு 700, 800 மில்லி குடித்தால் 600, 700 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும்போது இப்படிச் செய்யக் கூடாது, பாக்கெட்டில் போட்ட அளவுதான்.) பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இளநீர் நல்லதுதான், ஆனால் ஓட்டத்தின் நடுவே அதை மட்டும் நம்பினால் கைவிட்டுவிடும். அதில் பொட்டாசியம் தாராளம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. ஓடி முடித்தபின் ஒரு சிட்டிகை உப்போடு குடியுங்கள். பதநீரும் உப்பு போட்ட மோரும் அப்படியே, எல்லாம் பிறகு. நீராகாரம் முந்தைய நாளுக்கு அருமையான பானம்.

சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். புழுக்கத்தில் ரத்தம் தோலுக்கு ஓடுவதால் வயிற்றுக்குப் போவது குறையும். அதிகம் திணித்தால் வாந்திதான். ஒரு சின்ன வாழைப்பழமும் இரண்டு மூன்று துண்டு கருப்பட்டியும் ஒரு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். நம் ஊர்க் கருப்பட்டி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் கரைந்துவிடும், ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் விலை உயர்ந்த இனிப்பு ஜெல்லுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. எதுவானாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாததை ஓட்ட நாளில் தொடாதீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பதும் உயிருக்கு ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும் அதில் அதிகம். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, வயிறு உப்புவது, தலைவலி, வாந்தி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். அப்படிப்பட்டவருக்கு "தண்ணி குடி, தண்ணி குடி" என்று கொடுத்துக்கொண்டே இருப்பது கொல்வதற்குச் சமம். ஓடி முடித்தபின் உங்கள் எடை தொடக்கத்தைவிடக் கூடவே கூடாது.

நம் பக்கம் கைபம்பில் வருவது பல ஊரில் உப்புத்தண்ணீர். தலையில் ஊற்றிக்கொள்ளலாம், கண்ணில் விழாமல். குடிநீர் முழுவதையும் கேனில் கொண்டுபோய்விடுங்கள்.

உடையும் காலணியும்

வெளிர் நிறத்தில் மெல்லிய, தொளதொளவென்ற பாலியஸ்டர் பனியன். பருத்தி நனைந்தால் கனத்துவிடும். தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு மூன்றிலும் வாஸ்லின் தாராளமாகத் தடவுங்கள். வியர்வை உப்பும் கடல் மணலும் சேர்ந்து உரசினால் 20 கிலோமீட்டருக்குள் ரத்தம் வந்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது முன்னால் குனிந்து ஊற்றினால் காலணி நனையாது. ஈரக் காலுறைதான் கொப்புளத்துக்குத் தாய்.

ஆறாம் படி: முந்தைய நாளும் ஓட்டத்துக்கு முன்பும்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு இரண்டில் எது இருந்தாலும் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். மது கூடாது. புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ போடாதீர்கள், நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கிறவர் காலை மூன்று மணிக்குத் தொடங்க வேண்டும். ஜனவரியில் சூரியன் சுமார் ஆறரைக்கு வரும், மூன்றரை மணி நேரம் இருட்டில் கிடைக்கும். ஒரு மணிக்கு எழுந்து 300 முதல் 400 மில்லி குடித்து, இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். தொடக்கத்துக்கு அரை மணி முன்பு, வீட்டு ஃப்ரிட்ஜில் உறையவைத்த ஐஸை மிக்ஸியில் அடித்து, நன்னாரி சர்பத்தோடு கூழாகக் கலந்து 400 மில்லி அளவு சிறுகச் சிறுகச் சாப்பிடுங்கள். உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்கிய நிலையில் ஓட்டம் தொடங்கும். மீன் ஐஸை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அது குடிநீரில் செய்ததல்ல.

ஏழாம் படி: 42 கிலோமீட்டரையும் பங்கிடுவது

குளிர்ந்த ஊரில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறவர் இங்கே ஆறே முக்கால், ஏழு நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் ஏழு கிலோமீட்டர் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருந்தால் சரியான வேகம் என்று பொருள். இருட்டில், கூட்டத்தோடு, உற்சாகத்தில் போகும் அந்த முக்கால் மணி நேரத்தில் ஏற்றிக்கொண்ட சூடு பிறகு இறங்குவதே இல்லை. முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேசிப் பாருங்கள். இதயத்துடிப்புக் கடிகாரம் வைத்திருந்தால், அதே வேகத்திலேயே துடிப்பு மெல்ல ஏறுவதைப் பார்ப்பீர்கள். துடிப்பு ஏறும்போது வேகத்தை இறக்குங்கள், துடிப்பைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் ஒரு நிமிடம் நடங்கள். நடந்துகொண்டே குடியுங்கள், தொப்பிக்குள் ஐஸ் போடுங்கள், ஐஸ் சுற்றிய துண்டைப் பிடரியில் வையுங்கள். ஈரக்காற்றில் தலையில் ஊற்றிய தண்ணீர் ஆவியாவது குறைவு. அதனால் தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால்தான் பலன்.

28ஆவது கிலோமீட்டருக்கு மேல் வெயில் வரும். அப்போதுதான் உண்மையான மாரத்தான் தொடங்குகிறது. ஒன்பது நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறிக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் ஐந்துக்கு இரண்டு. பல ஊர்ப் போட்டிகளில் வெப்பம், ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 28 டிகிரியைத் தாண்டினால் கறுப்புக் கொடி காட்டி நிறுத்துவார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, சூரியன் எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அந்த எல்லை தாண்டிவிடும். அதனால் எட்டரைக்குப் பிறகு யார் பாதையில் இருந்தாலும் ஓட்டத்தை முடித்துவைப்பது என்று குழுவாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: யாராவது விழுந்தால்

இதை ஓடுகிறவரைவிட, மேசையில் நிற்கும் நண்பர்கள் நன்றாகப் படிக்க வேண்டும். தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குமட்டல் என்றால் நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஐஸ் துண்டு வைத்து, உப்பு கலந்த நீர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் பேச்சு குழறுவது, தள்ளாடுவது, காரணமில்லாமல் கோபப்படுவது, இடம் தெரியாமல் விழிப்பது, மயங்குவது என்றால் அது வெப்பத்தாக்குதல். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். "வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்குதல்" என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ஓடும்போது வருகிற வெப்பத்தாக்குதலில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். நெற்றியிலும் அக்குளிலும் வைக்கும் வெப்பமானியையும் நம்ப முடியாது.

அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும், 108க்கு இன்னொருவர் பேசட்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடும், உறுப்புகளும் தப்பிக்கும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை சூட்டோடு வண்டியில் கொண்டுபோவதற்குள் அந்த அரை மணி போய்விடும்.

இதற்குத் தேவையான எல்லாமே நம் கரையில் இருக்கிறது. முந்தைய நாளே ஐஸ் கம்பெனியில் சொல்லி, உடைத்த மீன் ஐஸ் வாங்கி, மீன் பெட்டியில் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். ஒரு நல்ல தார்ப்பாய், 100 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், நாலு பேர். விழுந்தவரைத் தார்ப்பாயின் நடுவில் படுக்கவையுங்கள். நாலு பேரும் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் தொட்டில் மாதிரி குழியும். தண்ணீரையும் ஐஸையும் கழுத்துவரை கொட்டி, தார்ப்பாயை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள், தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகி அங்கேயே தேங்கிவிடக் கூடாது. ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அக்குளில் கை கொடுத்து, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். அந்த வேலையை வேறு எதற்காகவும் அவர் விடக் கூடாது. 15, 20 நிமிடத்தில் நடுக்கம் வரும், பேச்சு தெளியும். அப்போது வெளியே எடுத்து, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பக்கத்தில்தான் கடல் இருக்கிறதே என்று கடலில் இறக்காதீர்கள். நம் கடல்நீர் பெரும்பாலான மாதங்களில் 27 முதல் 30 டிகிரி இருக்கும், சூடு மெதுவாகத்தான் இறங்கும், நினைவு தப்பியவர் அலையில் மூழ்கிவிடுவார்.

ஓட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்பு, நன்றாக இருக்கும் ஒருவரைப் படுக்கவைத்து, வெறும் தண்ணீரில் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். தார்ப்பாய் எங்கே கிழியும், யார் கை முதலில் தளரும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் வீதம், அடுத்த ஐந்தாறு மணி நேரத்தில் உப்போடும் சாப்பாட்டோடும் சேர்த்து மெல்லக் குடியுங்கள். கஞ்சி, மோர், இளநீர், மீன் குழம்புச் சோறு எல்லாம் இப்போது தாராளமாக ஆகும். சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் போனாலோ, ஆறு மணி நேரமாகியும் போகவே இல்லையென்றாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஒரு வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் சின்னச் சின்ன ஓட்டம். வெப்பத்தாக்குதலில் விழுந்து எழுந்தவர் குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்து, ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, மருத்துவர் சம்மதித்த பிறகே மறுபடி காலணியை மாட்ட வேண்டும்.